ஒரு கைக்கென்று வரைந்த முருங்கை

சிங்கப்பூரின் அப்பர் டிக்சன் ரோட்டில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பக்கவாட்டில் ஏறும் மரப்படிகளின் உச்சியில் இருக்கிறது தாரணியின் டாட்டூ கடை. கீழேயிருந்து மீன் குழம்பு வாசனை நேராக மேலே வந்துவிடும். அவளிடம் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு ஊசியின் வலி மறந்துபோனாலும் அந்தக் குழம்பின் மணம் மறப்பதில்லை. பாதிப் பேர் கையில் சுற்றிய பிளாஸ்டிக் உறையோடு நேராகக் கீழே போய் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

தாரணி டிசைன் படித்தவள். விளம்பர நிறுவனம் ஒன்றில் சோப்பு உறைகளுக்குப் பூ வரைந்து சலித்து, காகிதத்தை விட்டுத் தோலுக்கு மாறியவள். அவளுடைய அப்பா மருதப்பன், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "மகள் என்ன செய்கிறாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "தோல் சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லி வைத்தார். பொய் இல்லை. ஆனால் அதன் பலனை அனுபவித்தது தாரணிதான். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா முறை ஒருவர் பந்தியிலேயே வேட்டியை முழங்கால் வரை தூக்கி, "அரிப்பு நிக்கவே மாட்டேங்குதும்மா, என்ன களிம்பு போடலாம்?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையை மூடினார்.

"அப்பா, உண்மையச் சொல்லித் தொலைங்களேன்!"

"சொல்றேன் லா. என்ன அவசரம்? பையப் பைய சொல்றேன்."

தாரணியின் பிழைப்பு முழுக்க அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்தது. முதலில் பென்சிலால் காகிதத்தில் வரைவாள், பிறகு மையிட்டு, படமெடுத்துப் போடுவாள். அதைப் பார்த்துத்தான் தீவின் இரு கோடிகளான பூன் லேயிலிருந்தும் சாங்கியிலிருந்தும் ஆட்கள் படியேறி வந்தார்கள். ஒவ்வொரு படத்திலும், யாரும் கவனிக்காத ஒரு மூலையில், ஒரு கரும்புள்ளி வைப்பது அவள் வழக்கம். குழந்தையின் கன்னத்தில் மை வைக்கிறோமே, அந்த மாதிரி. தன் படங்களாகிய குழந்தைகளுக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு.

அப்படிப்பட்ட கடைக்கு ஆடி மாதத்தில் ஒருநாள் மதலேனா வந்தார்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் உரத்த குரல். வெயில் கொளுத்தும் நாளில் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்ததும் சட்டையின் இடது கையை மட்டும் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீண்டு, லேசாக வளைந்து, இருபுறமும் தையல் தடங்களோடு ஒரு தழும்பு. பல வருடங்களுக்கு முன்னால், வேறு ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது தகரக் கதவு கிழித்தது.

"மறைக்கணுமா ஆன்ட்டி? ரோஜாக் கொடி நல்லா இருக்கும். அன்னப்பறவை கூட..."

"ரோஜா எல்லார்கிட்டயும் இருக்கு. எனக்கு முருங்கைக்காய் வேணும்."

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதலேனா சிரிக்கவில்லை.

"கட்டைப் பிரிச்சுட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்ப நான் கண்ணாடி பக்கமே போகல. என் வீட்டுக்காரரு கையப் புடிச்சுப் பார்த்துட்டு, 'என்ன மதலி, சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்க வேணாம் போலருக்கே'ன்னாரு. அன்னைக்குத்தான் முதல்ல சிரிச்சேன். அப்புறம் வீட்டுக்குள்ள எனக்குப் பேரே முருங்கைக்காய்க் கை. வெளியில யாருக்கும் தெரியாது. அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அப்படிக் கூப்பிட ஆள் இல்ல."

தாரணி பென்சிலைக் கீழே வைத்தாள். கண்ணில் திரண்ட நீரைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இந்தப் படம் உங்க கையில மட்டும்தான் இருக்கும். இந்த உலகத்துல வேற யாருக்கும் வராது" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

உணர்ச்சி பொங்கும்போது வாயிலிருந்து வரும் சத்தியத்துக்கு எத்தனை கனம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

படம் அற்புதமாக வந்தது. தழும்பே காயாக, அதன் மேலே பொடிப்பொடியாக இலை, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. அன்றைக்குக் கோடுகளை மட்டும் குத்தினாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய பிறகு நிழலும் நிறமும் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மதலேனா கிளம்பினார். காகிதம் மேசையில் கிடந்தது. அவள் வாழ்க்கையில் வரைந்ததிலேயே மிகச் சிறந்த படம். கையைக் காட்டவில்லை, பெயரைப் போடவில்லை, வெறும் காகிதம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "பிடிச்சா ஷேர் பண்ணுங்க" என்று எழுதி இன்ஸ்டாகிராமில் ஏற்றினாள்.

பிடித்தது. ஊருக்கே பிடித்துப் போயிற்று.

தீபாவளிச் சந்தை களைகட்டியிருந்த ஒரு மாலை, கேம்பல் லேன் கூட்டத்தில் முறுக்கு வாங்க நின்றிருந்த தாரணியின் முன்னால் நான்கைந்து இளைஞர்கள் கையை நீட்டி நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் முருங்கைக்காய். இன்னொருவன் கழுத்தில் முருங்கைக்காய். "டேய், முருங்கை பவர்டா! இன்னைக்கு யாரும் என் பக்கத்துல வராதீங்க!" என்று ஒருவன் புஜத்தை மடக்கிக் காட்ட, மற்றவர்கள் கைதட்டினார்கள். முருங்கைக்காயைப் பற்றித் தமிழர்கள் காலங்காலமாகச் சிரித்துவரும் சிரிப்புதான் அது.

தாரணி அருகே போய்ப் பார்த்தாள். ஒட்டிக்கொள்ளும் டாட்டூ ஸ்டிக்கர். அதே வளைவு. அதே பூங்கொத்து. வாங்க வந்த முறுக்கு மறந்துபோயிற்று. ஒரு மனிதர் தன் மனைவியின் கண்ணீரைத் துடைக்கச் சொன்ன சொல், தெருவில் கேலியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! வருகிற சனிக்கிழமை மதலேனா வருகிறார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மறுநாள் மதியம் தேக்கா காய்கறிச் சந்தையின் சாப்பாட்டுக் கடைப் பகுதியில் தோழி சுஷ்மிதாவின் முன்னால் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். சுஷ்மிதா வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்திலிருந்தே தாரணியின் அழுகைக்குப் பழகியவள்.

"எல்லார் மேலயும் கேஸ் போடணும்டி. ஒருத்தரையும் விடக்கூடாது!"

"முதல்ல தே தாரிக்கைக் குடி. படத்தை யாரு வரைஞ்சா?"

"நான்."

"உரிமை உங்களுக்குத்தான்னு அந்த ஆன்ட்டிக்கு எதாச்சும் எழுதிக் கொடுத்தியா?"

"இல்லையே."

"அப்ப காப்பிரைட் உன்னோடது. எங்கயும் போய்ப் பதிய வேண்டியதில்ல. வரைஞ்ச உடனேயே வந்துரும். சரி, யார் யாரு எடுத்தாங்க?"

தாரணி விரலை மடக்கி அடுக்கினாள். ஸ்டிக்கர் விற்கிறவர் ஒருவர். பள்ளியில் ஓவிய வகுப்பில் இந்தப் படத்தைத் திரையில் காட்டிய ஆசிரியை ஒருவர். பிறகு, படத்தை அப்படியே எடுத்துப் போட்டு, 'தாரணியின் முருங்கையில் இலைக்காம்பு பிரிகிற விதமே தப்பு' என்று எழுதியிருந்த பூன் லே பையன் ஒருவன்.

"டீச்சரை விடு. பாடம் நடத்தக் காட்டினாங்க, உன் பொழப்பு ஒண்ணும் கெடல. அந்தப் பையனையும் விடு. விமர்சனம் பண்றான், உன் பேரையும் போட்டுத்தான் பண்றான். இதெல்லாம் ஃபேர் யூஸ், நியாயமான பயன்பாடு பக்கம் போயிரும். எதுக்கு எடுத்தாங்க, எவ்வளவு எடுத்தாங்க, அதனால உன் சந்தை அடிவாங்குதான்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க."

"காம்பு தப்புன்னு சொல்றான்டி!"

"காம்பு தப்பா இருந்தா சொல்லலாம் லா. ஸ்டிக்கர்காரர்தான் மாட்டுவாரு. படத்தை முழுசா எடுத்திருக்காரு, உன் பேரைத் தூக்கிட்டாரு, விக்கவும் விக்கிறாரு. அதுக்கு நியாயமான பயன்பாடுன்னு பேரு வைக்க முடியாது." சுஷ்மிதா தாரணியின் போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். "இந்தச் சிங்கம் சூப்பரா இருக்கே. யாரு வரைஞ்சது?"

"ஒரு ஜிம் பையன் முதுகுல போட்டேன். மாடல் ஒரு போட்டோ. யாரோ ஆப்பிரிக்காவுல எடுத்தது. இன்டர்நெட்ல சும்மா கிடந்..."

வாக்கியம் பாதியிலேயே நின்றது. தாரணியின் காது மடல்கள் சிவந்தன.

"ம். அதேதான் ஸ்டிக்கர்காரரும் சொல்லப் போறாரு."

"ஐயோ, இப்ப அவன் முதுகுல இருந்து எப்படிடி எடுக்கறது?"

"முதுகை விடுடி! உன் இன்ஸ்டா பக்கத்துல இருந்து எடு. போட்டோ எடுத்தவருக்கு எழுதிக் கேளு."

அங்கேயே, ஆறிப்போன தேநீரின் முன்னால், சிங்கம் பக்கத்தை விட்டு வெளியேறியது. முன்பின் தெரியாத அந்தப் புகைப்படக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தியும் போயிற்று. நீதி கேட்கக் கிளம்புகிறவள் கையைக் கழுவிக்கொண்டுதானே கிளம்ப வேண்டும்?

ஸ்டிக்கர் கடைக்காரர் பெயர் ஃபாரூக். சந்தையின் நடுவில், வளையல் கடைக்கும் மசாலா டீக்கடைக்கும் இடையில் சின்ன இடம். மயில், வேல், பிறை, பூனை என்று வரிசையாகத் தொங்கின. நடுநாயகமாக 'முருங்கை பவர்'.

"வாங்க சிஸ்டர், இந்த சீசன் ஹிட் இதுதான்! கையில ஒட்டிப் பாக்குறீங்களா?"

"இதை யாருண்ணே வரைஞ்சது?"

"நம்ம டிசைன்தான்."

"அப்படியா? அந்தக் காம்புக்குக் கீழ ஒரு கரும்புள்ளி இருக்கே, அது எதுக்கு?"

ஃபாரூக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்டிக்கரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுவா? இது பிரிண்டிங்ல விழுந்த அழுக்கு சிஸ்டர். எத்தனை தடவை மெஷினைத் துடைச்சும் போகவே மாட்டேங்குது."

"அது திருஷ்டிப் பொட்டு அண்ணே! கண்ணு படக்கூடாதுன்னு நான் வெச்சது. கடைசியில உங்க கண்ணுதான் பட்டுருச்சு!"

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த குவளையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தாரணி தன் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பென்சில் கோடு, மையிட்ட படம், தேதி, புள்ளி. ஃபாரூக்கின் முகம் வாடியது.

"நீங்கதானே சிஸ்டர் ஷேர் பண்ணுங்கன்னு எழுதியிருக்கீங்க?"

"ஷேர் பண்ணுங்கன்னா கடை போடுங்கன்னு அர்த்தமாண்ணே? வீட்டுக்கு வந்தவங்கள சாப்பிடுங்கன்னு சொன்னா, பானையையே தூக்கிட்டுப் போய் விப்பாங்களா?"

ஃபாரூக் கெட்டவர் அல்லர். நெட்டில் கிடப்பது ஆற்றுத் தண்ணீர் மாதிரி, யாரும் மொண்டுகொள்ளலாம் என்று நினைத்தவர், அவ்வளவுதான். அந்தப் படம் யாருக்காக வரைந்தது என்று மட்டும், பெயர் சொல்லாமல், தாரணி சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். ஸ்டூலில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்த முருங்கைகளை எல்லாம் கழற்றினார். பெட்டிக்குள் இருந்ததையும் எடுத்து, அவள் கண்ணெதிரே கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினார்.

"என் வீட்டுக்காரிக்கும் ஆபரேஷன் தழும்பு இருக்கு சிஸ்டர். மன்னிச்சிருங்க. அடுத்த வருஷம் உங்ககிட்டயே வந்து கேட்டு, உங்க பேரைப் போட்டே விக்கிறேன். மயில் மட்டும் வேணாம். மயிலு நிறைய இருக்கு."

தாரணி வென்றுவிட்டாள். ஆனால் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி வீடு திரும்பும்போது அந்த வெற்றி இனிக்கவில்லை. சட்டம் அவள் படத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. அவள் செய்த சத்தியத்தை எந்தச் சட்டம் காப்பாற்றும்? அதைக் காற்றில் விட்டது ஃபாரூக் இல்லையே!

சனிக்கிழமை வந்தது. படிகளில் மதலேனாவின் காலடி. தாரணி கதவருகிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, உட்காருறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேணாம். பார்த்துட்டேன்."

மதலேனா கைப்பையை மேசையில் வைத்தார்.

"எங்க பாடகர் குழுவில இஞ்ஞாசின்னு ஒருத்தன். கையில ஒட்டிக்கிட்டு வந்து, 'ஆன்ட்டி, முருங்கை பவர்'ன்னு எல்லாருக்கும் காட்டுறான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சட்டைக் கைக்குள்ள அதே படத்தை வெச்சுக்கிட்டு வேற என்ன செய்யறது? அப்புறம் பாட்டு ஆரம்பிச்சாங்க. எனக்குக் குரலே வரல." அவர் இடது கையைச் சட்டையோடு பொத்திக்கொண்டார். "அது அவரு எனக்குச் சொன்ன வார்த்தை, தாரணி."

"நான்தான் போட்டேன் ஆன்ட்டி. கையைக் காட்டல, பேரு போடலன்னு நினைச்சுப் போட்டேன்."

"யாருக்கும் வராதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"சத்தியமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க." தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்ல, "என் இன்ஸ்டா பக்கத்துல இருந்து படத்தை எடுத்துட்டேன். சந்தையில வித்தவரும் நிறுத்திட்டாரு, எல்லாத்தையும் வெட்டிப் போட்டாரு. ஆனா ஏற்கெனவே ஒட்டிக்கிட்டவங்க கையில இருந்து என்னால எடுக்க முடியாது" என்றாள்.

"அது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"நல்லாத் தேய்ச்சுக் குளிச்சா போயிரும்."

"என்னுது போகாது" என்றார் மதலேனா. கோபத்தில்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்தபோது அந்தக் குரலில் ஒரு சின்ன மிடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டதை இருவருமே கவனித்தார்கள். அவரே நாற்காலியில் அமர்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். "பாதி முருங்கையோட நான் எங்க போறது? போட்டு முடிச்சுடு. ஆனா அந்தப் பசங்க கையில இருக்கறது மாதிரி இருக்கக் கூடாது. எனக்கு மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

தாரணி விளக்கை இழுத்து அந்தக் கையைப் பார்த்தாள். முன்பு வரைந்தபோது, தழும்பின் இருபுறமும் சிறு சிறு கோடுகளாக நின்ற தையல் தடங்களை இலைகளால் மூடிவிடத்தான் திட்டமிட்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே, இலை எட்டாத இடத்தில் மட்டும் அவை நெருக்கமாக, தடித்து, வரிசை கட்டி நின்றன.

"ஆன்ட்டி, முருங்கை மரத்துல காய், பூ, இலை தவிர வேற என்ன இருக்கும்?"

"எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ தோட்டத்துல ஒண்ணு நிக்குது. அதுல என்ன இருக்கும், கம்பளிப்பூச்சிதான் அப்பிக்கிட்டு..." மதலேனா நிறுத்தினார். தன் கையைப் பார்த்தார். தாரணியைப் பார்த்தார். "அடிப்பாவி! தையல் போட்ட இடமா?"

"அதுக்கு முடியெல்லாம் டாக்டர் ஏற்கெனவே போட்டு வெச்சிருக்காரு ஆன்ட்டி. உடம்பு மட்டும்தான் நான் போடணும்."

மதலேனா சிரித்த சிரிப்பில் கீழே சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அவரு இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. போடு, போடு. நல்ல குண்டா போடு."

இம்முறை காகிதம் இல்லை, ஸ்டென்சில் அச்சு இல்லை. பேனாவை எடுத்து நேராகத் தோலின் மேலேயே வரைந்தாள். தையல் தடம் சாய்ந்த பக்கம் பூச்சியின் முதுகும் சாய்ந்தது. தடம் குறுகிய இடத்தில் தலை வந்தது. அந்தக் கை இல்லாமல் அந்தப் படமே இல்லை.

"இந்தப் பூச்சியை யாராச்சும் திருடணும்னா முதல்ல கையைக் கிழிச்சுத் தைச்சுட்டுத்தான் வரணும்" என்றார் மதலேனா, ஊசியின் வலியில் பல்லைக் கடித்தபடி.

வேலை முடிந்து தாரணி கையுறையைக் கழற்றும்போது, தூக்குப் பாத்திரத்தோடு மருதப்பன் படியேறி வந்தார். மகளுக்குச் சாப்பாடு. உள்ளே நுழைந்தவர் மதலேனாவின் கையைப் பார்த்ததும் அலறினார்.

"அம்மா, அசையாதீங்க! கையில பூச்சி!" பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை உருவி ஓங்கிவிட்டார்.

"அப்பா! அப்பா! அது என் வேலைப்பா!"

துண்டு அந்தரத்தில் நின்றது. மருதப்பன் குனிந்து பார்த்தார். வளைந்த காய், அதன் மேல் பூங்கொத்து, காம்பை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் கொழுத்த கம்பளிப்பூச்சி. ஓங்கிய துண்டை மெல்லத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் மகளா போட்டா?" என்று யாரிடமோ கேட்பது போலக் கேட்டார். பிறகு சட்டென்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஒரே ஒரு போட்டோ. ஃபேமிலி குரூப்ல போடறேன். எல்லாரும் பார்க்கட்டும், என் மக என்ன வேலை செய்றான்னு!"

"வேணாம்!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் மிரண்டுபோய்ப் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மதலேனா தன் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, விளக்கின் கீழே கையை நன்றாக நீட்டினார்.

"போட்டோதான் கூடாது அண்ணே. வந்து உட்காருங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நேர்ல பாருங்க."